டொக்டர் மரியா மொண்டிசோரி அம்மையார்: ஒலியால் எழுத்துக் காட்டிய வைத்தியர்

நூற்றாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றே மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டனர். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி எழுதுவதற்கு வேறு பல இடங்கள் இருக்கின்றன. ஆகவே எம்மைப் போன்ற இன்னொரு பெண் வைத்தியரின் வாழ்க்கையை இங்கே சொல்ல அனுமதி கேட்டுக்கொண்டோம். அவர் பெயர் நம் தோட்டங்களில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தாய்மார் பிள்ளையை முன்பள்ளிக்கு அனுப்புவதை மொண்டிசோரிக்கு அனுப்புவது என்றுதான் சொல்வார்கள். அது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் ஒரு வைத்தியர் என்பதும், தமிழ் மண்ணில் சில ஆண்டுகள் வாழ்ந்து இலங்கைக்கும் வந்து போனவர் என்பதும் அவ்வளவாகத் தெரியாத செய்திகள்.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் கியரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸான்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே நிறைய வாசிக்கும் பழக்கம் உள்ளவர். அக்காலத்தில் அது பெண்களிடம் அபூர்வம். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகள் ஆசிரியையாக வேண்டும் என்பது பெற்றோரின் எண்ணம். மகளோ பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்து கணக்குப் படித்தார். பொறியியலாளராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பின்னர் வைத்தியம் என்று மனதை மாற்றிக்கொண்டார். தந்தைக்கு இதில் துளியும் சம்மதமில்லை. தாய் பக்கபலமாக நின்றார்.

மருத்துவ பீடத்தில் ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு அறுவைப் பாடம் படிப்பது தகாது என்றார்கள். மற்ற மாணவர் எல்லோரும் போனபின், பொழுது சாய்ந்த வேளையில், பிரேதங்கள் கிடக்கும் அறையில் அவர் தனியாக இருந்து அந்தப் பாடத்தைப் படித்து முடித்தார். மருத்துவ பீடத்தின் முதலாம் ஆண்டில் எட்டுப் பேராக ஒரு மேசையைச் சுற்றி நின்றே நடுங்கிய எமக்கு அந்தத் தனிமையின் கனம் கொஞ்சம் புரியும். 1896இல் பட்டம் பெற்றபோது இத்தாலியில் பெண் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு இத்தாலியின் பிரதிநிதியாகப் போய், வேலைசெய்யும் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று பேசினார். நம் தோட்டத்துப் பெண்களுக்குச் சம சம்பளம் 1984இல்தான் கிடைத்தது என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பட்டம் பெற்ற கையோடு ரோம் பல்கலைக்கழக மனநோய்ப் பிரிவில் சேர்ந்தார். நோயாளரைத் தேடி நகரத்து மனநோய் விடுதிகளுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே பெரியவர்களோடு சிறு பிள்ளைகளையும் சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். புத்தி வளராதவர்கள், எதுவும் ஏறாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள். வெறும் அறையில் விளையாட ஒரு பொருள்கூட இல்லை. சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்த ரொட்டித் துகள்களைத் துழாவித் துழாவி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். காவல் பார்த்த பெண் அதைப் பார்த்து அருவருத்தாள். மொண்டிசோரியோ, பிடிப்பதற்கு ஒரு பொருளும் இல்லாத கைகள் அவை என்று கண்டுகொண்டார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று எமக்கும் படிப்பித்தார்கள்தான். ஆனால் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல.

பழைய நூல்களைத் தேடத் தொடங்கினார். அவருக்கு முன் பிரான்சில் இரண்டு பேர் இவ்வழியில் போயிருந்தார்கள். செவிடர் பாடசாலையில் வைத்தியராக இருந்த இட்டார், காட்டில் அகப்பட்ட ஒரு பையனுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு பாடம் சொல்லிப் பார்த்தவர். அவருடைய மாணவர் செகான், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கென்றே கற்பித்தல் முறையொன்றை வகுத்தவர். இருவர் நூல்களையும் மொண்டிசோரி இத்தாலிய மொழிக்குத் தம் கைப்படப் பெயர்த்து எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக நிறுத்துப் பார்ப்பதற்காகவே அப்படி எழுதினாராம். 1900இல் அத்தகைய பிள்ளைகளின் ஆசிரியர்களைப் பயிற்றும் நிறுவனம் ஒன்று ரோமில் தொடங்கியபோது அதன் இயக்குநர் இருவரில் ஒருவரானார். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருப்பார்; இரவில் குறிப்பு எழுதுவார். அந்தப் பிள்ளைகளில் சிலர் எழுத வாசிக்கக் கற்று, சாதாரண பிள்ளைகள் எழுதும் அரசாங்கப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியும் பெற்றார்கள். ஊர் வியந்தது. அவருடைய மனதில் எழுந்த கேள்வி வேறு. இந்தப் பிள்ளைகளே இவ்வளவுக்கு வந்துவிட்டார்கள் என்றால், நல்ல சுகதேகிகளான பிள்ளைகள் சாதாரண பாடசாலைகளில் ஏன் இவர்களோடு சரிக்குச் சரியாகவே நிற்கிறார்கள், அவர்களை அங்கே எது அமுக்கி வைத்திருக்கிறது என்று அவர் யோசித்தார்.

இக்காலத்தில் அவருடைய சொந்த வாழ்வில் ஒரு பெரிய காயம் ஏற்பட்டது. நிறுவனத்தின் மற்ற இயக்குநர் மொன்டெசானோ. அவருக்கும் மரியாவுக்கும் 1898இல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. அன்றைய இத்தாலியில் அது வெளியே தெரிந்தால் வைத்தியத் தொழிலும் போகும், குடும்ப மானமும் போகும். பிள்ளை நாட்டுப்புறத்துக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தான். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். அவர் யார் என்று பையனுக்குத் தெரியாது. பின்னர் மொன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியா அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பற்றி எழுதியவர் தம் பிள்ளையின் முதல் பதினைந்து ஆண்டுகளை இழந்தார். இதைச் சிலர் குறையாகச் சொல்வர். எமக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இனி 1907க்கு வருவோம். ரோமில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே பாழடைந்த மாடிக் குடியிருப்புகளை ஒரு கட்டிடக் கம்பனி வாங்கித் திருத்தி வாடகைக்கு விட்டது. தாயும் தந்தையும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பாடசாலைக்குப் போவார்கள். மிஞ்சிய சிறுசுகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து புதுச் சுவர்களில் கிறுக்கினார்கள். சுவரைத் திருத்தும் செலவைவிட ஒரு அறையும் ஒரு மேற்பார்வைப் பெண்ணும் மலிவு என்று கம்பனி கணக்குப் பார்த்தது. அந்த அறையை நடத்தித் தரும்படி மொண்டிசோரியைக் கேட்டது. 1907 ஜனவரி 6ஆம் திகதி அது திறக்கப்பட்டது. குழந்தைகள் இல்லம் என்று அதற்குப் பெயர் வந்தது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையில் எதுவும் புதிதாக இராது. பெயரை மாற்றினால் நம் பிள்ளைக் காம்பராவின் கதையும் இதுதான். ரப்பர் மலைகளில் விடியற்காலையிலேயே பால்வெட்டப் போக வேண்டும். தேயிலை மலைகளில் பிரட்டுக்குப் பின் கொழுந்துக்குப் போக வேண்டும். தாயின் கை வேலைக்கு வேண்டும் என்பதால் பிள்ளைக்கு ஒரு காம்பராவும் ஒரு ஆயம்மாவும் ஏற்படுத்தப்பட்டன. இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. பிள்ளையை விழாமல், பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வதே அந்நாளில் அதன் நோக்கம். சான் லொரென்சோவிலும் கம்பனி கேட்டது அவ்வளவுதான்.

ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள். ஆசிரியை என்று இருந்தவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். இந்த வயதில் எழுத வாசிக்கப் பழக்கும் எண்ணம் மொண்டிசோரிக்கு இருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரே வந்து பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். முன்பு பழைய நிறுவனத்தில் மரத்தில் செதுக்கிச் சாயம் பூசிய அழகான எழுத்துகள் இருந்தன. அதே போலச் செய்துதர இப்போது ஆள் கிடைக்கவில்லை. ஆகவே அரத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினார். சொரசொரப்பான அந்த எழுத்தின் மேல், எழுதும் திசையிலேயே பிள்ளை இரண்டு விரலால் தடவ வேண்டும். தடவும்போதே எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். அவர் முறையின் உயிர்நிலை இந்த இடத்தில் இருக்கிறது: எழுத்தின் பெயரை அவர் கற்பிக்கவில்லை, அது தரும் ஒலியைக் கற்பித்தார்.

பெயருக்கும் ஒலிக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நம் பாட்டன் பாட்டிமார் திண்ணையில் எப்படிப் படித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா. அம்மா என்ற சொல்லை எழுத்துக்கூட்டினால் ஆனா, இம்மன்னா, மாவன்னா. இந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அம்மா என்று காதில் விழாது. விழாததைப் பிள்ளை மனனம் செய்தது. மனனம் செய்ய முடிந்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை ஆனது. முடியாத பிள்ளை மாடு மேய்க்கப் போனது. அ, ம், மா என்று ஒலியாகச் சொல்லிக்கொடுத்தால் மூன்றையும் ஒட்டி அம்மாவைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஸீ, ஏ, டீ என்ற மூன்று பெயரைச் சேர்த்தால் கெட் என்ற சொல் வரவே வராது. லண்டனிலும் டொரொன்டோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் நம் தங்கைமாரின் பிள்ளைகள் இப்போது பாடசாலையிலிருந்து ஃபொனிக்ஸ் என்று சொல்லிக்கொண்டு வருவது இந்த ஒலிமுறையைத்தான்.

இது மொண்டிசோரி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பிரான்சின் போர்ட் ரோயல் பள்ளியார் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொன்னார்கள். மொண்டிசோரி அதோடு விரலைச் சேர்த்தார். கண் எழுத்தைப் பார்க்கிறது, விரல் அதன் வழியே நடக்கிறது, வாய் ஒலிக்கிறது, காது கேட்கிறது. எல்லாம் ஒரே நொடியில். அடுத்ததாக, வெட்டிய தனி எழுத்துகளை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பென்சிலைப் பிடிக்கும் பலம் விரலுக்கு வருவதற்கு முன்னரே பிள்ளை தன் மனதிலுள்ள சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து, எழுத்துகளைத் தேடியெடுத்துப் பாயில் அடுக்கலாம். வாசிப்பு பிறகு, எழுத்து முதல். மற்றவர் சொல்லைக் கண்டுபிடிப்பதைவிடத் தன் சொல்லைக் கட்டுவது பிள்ளைக்கு இலகு என்று அவர் கண்டிருந்தார்.

அந்த மாரிகாலத்தில் வெயில் காய்ந்த ஒரு நாள், பிள்ளைகளோடு மொட்டை மாடியில் இருந்தார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பையனிடம் ஒரு சோக்குத் துண்டைக் கொடுத்து அங்கே நின்ற புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். அவர் பாராட்டினார். பையன் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, எழுதிவிட்டேன் என்று கத்திக்கொண்டே தரையில் குனிந்து கை என்ற சொல்லை எழுதினான். பிறகு புகைபோக்கி என்று எழுதினான். யாரும் அவனுக்குச் சொல் எழுதப் பழக்கியிருக்கவில்லை. கூச்சல் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள், சோக்குக் கேட்டார்கள், எழுதினார்கள். அடுத்து வந்த நாட்களில் தரையில், கதவில், சுவரில், ரொட்டியில்கூட எழுதினார்கள். சுவரைக் காப்பாற்றத் தொடங்கிய இல்லத்தில் இப்படி ஆயிற்று! கம்பனியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆயத்தப் பயிற்சி தொடங்கியதிலிருந்து முதற் சொல் எழுதும் வரைக்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை சென்றதாக அவர் எழுதியிருக்கிறார்.

வாசிப்புக்கு விளையாட்டுச் சாமான்களின் பெயரைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்தார். துண்டை வாசித்துச் சொன்ன பிள்ளை அந்தச் சாமானை எடுத்து விளையாடலாம். பிள்ளைகள் சாமானைச் சீந்தவே இல்லை. இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று காகிதத்தையே கேட்டார்கள். பரிசு கொடுத்துப் படிக்க வைக்கலாம் என்ற தம் எண்ணம் அன்றோடு போயிற்று என்று அவர் எழுதியது பெற்றோர் எல்லோரும் வாசிக்க வேண்டிய பகுதி.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தாலிய மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம் மிகவும் சீரானது. அது அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஆங்கிலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகவே அங்கே ஒலியா, முழுச்சொல்லா என்று ஒரு நூற்றாண்டு சண்டை நடந்தது. 2000இல் அமெரிக்காவிலும் 2006இல் இங்கிலாந்திலும் அரசாங்கத்துக்காக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த குழுக்கள், ஒலியை ஒழுங்குமுறையாகக் கற்பிப்பதன் பக்கமே நின்றன.

தமிழ் எந்தப் பக்கம்? பெரும்பாலும் இத்தாலியின் பக்கம். 247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். ஒலியாகப் பார்த்தால் உயிர் 12, மெய் 18. மொண்டிசோரியின் எழுத்துப் பெட்டியைத் தமிழுக்குச் செய்தால் எத்தனை துண்டு வேண்டும் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். உயிர் 12, ஆய்தம் 1, க முதல் ன வரை 18, குற்று 1, அரவு, விசிறி, கொம்பு முதலிய குறிகள் 6. உகர ஊகார வரிசை மட்டும் ஒட்டுக் குறிக்கு அடங்காது. கு, சு, து, மு என்று எழுத்தின் உருவமே மாறுவதால் 36 தனித்துண்டு வெட்டத்தான் வேண்டும். ஆக 74. கொம்பு இன்னொரு தொல்லை. கெ என்பதில் க் முதலிலும் எ பின்னும் ஒலிக்கிறது. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. காதை நம்பி அடுக்கும் பிள்ளை கொம்பைப் பின்னால் வைக்கும். அது பிழைதான், ஆனால் நன்றாகக் கேட்ட பிள்ளையின் பிழை.

இதைவிட முக்கியமானது நம் தோட்டத்துப் பேச்சு. மலையில் பறிப்பது கொளுந்து. புத்தகத்தில் இருப்பது கொழுந்து. செடியில் இருப்பது எல, புத்தகத்தில் இலை. கடையில் கேட்பது வெல, புத்தகத்தில் விலை. தரம் 1இல் ஒரு பிள்ளை இலை என்பதை எல என்று எழுதினால், அது தன் ஆத்தாள் பேசியதைக் கூர்மையாகக் கேட்டு, ஒலியைச் சரியாகப் பிரித்து, சரியான எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வாசிப்புக்கு வேண்டிய மூன்று வேலையையும் அது முடித்துவிட்டது. அந்தக் கொப்பியில் சிவப்புப் புள்ளடி விழுந்தால் தன் காதை நம்பக்கூடாது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும். மொண்டிசோரி, பிள்ளை அடுக்கிய சொல்லை உடனே திருத்தப் போகாமல், அது அடுக்கட்டும் என்று விட்டார். நாம் எல என்பதை ஏற்று, புத்தகம் இதை இலை என்று சொல்லும் என்று இரண்டாவது வேலையாகக் காட்டலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், சப்ரகமுவ வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எம் போன்றவர்களிடம் தரம் 4, தரம் 5 பிள்ளைகளை மண்டையில் ஏறாத பிள்ளை என்று கூட்டி வருகிறார்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டிய பிள்ளைக்கு ப, ம, ல, ள எல்லாம் மூடிய கதவுக்கு வெளியிலிருந்து கேட்பது போல இருக்கும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை பத்து மணிக்கே சோர்ந்துவிடும். சிலருக்குக் கண்ணாடி போட்டால் போதும். இவை எதுவும் இல்லாமல், எழுத்துக்கு ஒலி இருக்கிறது என்பதையே யாரும் காட்டாமல் விட்ட பிள்ளைகளும் வருகிறார்கள். புலமைப்பரிசில் வகுப்பில் பின்வாங்கில் உட்கார்ந்து, பலகையைப் பார்த்து வரைவதுபோல் எழுதும் பிள்ளைகள் அவர்கள். பெரும்பாலும் பதினாறு வயதுக்குள் அவர்களைக் கொழும்பில் ஒரு கடையிலோ ஒரு வீட்டுக் குசினியிலோ காணலாம். ரோம் விடுதியில் ரொட்டித் துகள் பொறுக்கிய பிள்ளைகளின் வரலாறு எமக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது இதனாலேயே.

மொண்டிசோரியின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1909இல் அவர் முறையை விளக்கும் நூல் வந்தது. பல மொழிகளில் பரவியது. 1912இல் தாய் இறந்தார். அதன்பின் மாரியோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்; ஊருக்கு உறவினர் பிள்ளை என்று சொன்னார். 1913இல் அமெரிக்கா போனார்; பெரிய வரவேற்பு. சில ஆண்டுகளில் அங்கே அது அடங்கியும் போனது. பார்சலோனாவில் நீண்ட காலம் வேலை செய்தார். முசோலினியின் அரசாங்கம் அவர் பாடசாலைகளை ஆதரித்தபோது அந்த ஆதரவை ஏற்றுப் பத்தாண்டு போல அதோடு ஒத்துப்போனார். இது அவர் வாழ்வில் எமக்குப் பிடிக்காத பகுதி. 1934இல் முறிவு வந்தது. இத்தாலியில் அவர் பாடசாலைகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம். அங்கிருந்தும் வெளியேறி ஒல்லாந்துக்குப் போனார். தம் முறைக்குப் பயிற்சி கொடுக்கும் உரிமையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டது பற்றியும் குறை சொல்வர். அந்தக் குறையில் நியாயம் உண்டு. கூலித் தொழிலாளரின் பிள்ளைகளிடம் பிறந்த முறை இன்று பெரிய நகரங்களில் பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளின் முறையாகிவிட்டது. பெயர்ப்பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை கொப்பியில் ஏபிசி வரி எழுதிக்கொண்டிருக்கும்.

1939 இறுதியில், அறுபத்தொன்பது வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்கள் தங்கிப் போவதாகவே வந்தது. சபைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு முதற் பயிற்சி நடந்தது. சுமார் 300 பேர் வந்திருந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையாரை அடையாற்று வளவுக்குள் இருக்கச் சொன்னார்கள். ஓகஸ்ட் 31ஆம் திகதி, அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று, மாரியோ விடுதலை செய்யப்பட்டார். பிறந்தநாள் பரிசாக மகனையே அனுப்புவதாக அரசாங்கத் தந்தி சொன்னதாம். நாற்பத்திரண்டு ஆண்டுகளாகச் சொல்லப்படாதிருந்த உறவை ஒரு தந்தி சொல்லிவிட்டது.

பின்னர் கொடைக்கானலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருந்தார். குளிரும் மூடுபனியும் உள்ள அந்த மலையில் சிறு பாடசாலை ஒன்றை நடத்தி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் கல்வியைப் பற்றிச் சிந்தித்தார். 1944இல் இலங்கைக்கு வந்து, அரசாங்கம் அங்கீகரித்த ஆசிரியப் பயிற்சியை நடத்தினார். பிள்ளையின் முதல் மூன்று ஆண்டுகளைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை பின்னர் நூலாகவும் வந்தன. இந்நாட்டின் மொண்டிசோரிப் பள்ளிகள் பரவுவதற்கு அந்த வருகை பெரிதும் உதவியது. அந்த ஆண்டில்தான் கன்னங்கரா இலவசக் கல்வித் திட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில ஆண்டுப் படிப்பு. எழுபதுகளில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை நம் பெற்றோர் காலத்துப் பிள்ளைகள் அங்கேதான் எழுத்தறிந்தார்கள், அல்லது அறியாமல் போனார்கள். அம்மையார் இங்கே பேசிய சொற்பொழிவுகள் தோட்டத்து மலைகளை எட்ட நெடுங்காலம் சென்றது. இன்று நம் சங்கத்து அக்காமார் சிலர் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மணல் தட்டும் அரத்தாள் எழுத்தும் செய்யப் பழக்கிக் கொடுக்கிறார்கள். அரத்தாள் ஹார்ட்வெயார் கடையில் வாங்கலாம். அட்டைக்குப் பழைய பெட்டி போதும்.

யுத்தம் முடிந்து 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் மறு ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949இல் அடையாற்றிலிருந்து நூலாக வெளிவந்தன. 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், ஆபிரிக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போவது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார். அந்த உடம்போடு பயணம் முடியாது என்பது மகனின் கவலை. அன்றே அவர் உயிர் பிரிந்தது. வயது எண்பத்தொன்று. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.